தோஃபுக் கடைக்காரரின் கராஜ்

'இனிஷியல் டி' பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வருவது அந்தத் தண்ணீர்க் கோப்பைதான். மலை மேல் இருக்கும் ஹோட்டலுக்கு விடிவதற்குள் தோஃபு போய்ச் சேர வேண்டும். அப்பா கடையில் இருப்பார், பையன் ஓட்டிக்கொண்டு போவான். காரில் ஒரு கோப்பை நிறையத் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தாமல் ஓட்டப் பழகிய பையன் ஒருநாள் மலையிறக்கத்தில் பணக்காரப் பையன்களின் ஆர்எக்ஸ்-7, ஜிடி-ஆர் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடுகிறான். பழைய டொயோட்டாவை வைத்துக்கொண்டு. இதை யூரோபீட் இசையோடு வெட்டி ஒட்டிய இருபது விநாடி வீடியோக்களைப் பார்க்காத இணையவாசி இருக்க முடியாது.

இதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே: வண்டி முக்கியமில்லை, ஓட்டுபவன்தான் முக்கியம். டீ-ஷர்ட்டில் அச்சடிக்கத் தோதான கருத்து. மாங்காவை முழுசாக உட்கார்ந்து படித்தவர்கள்கூட இதையே சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அந்தப் படைப்பு சொல்வது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிரானது. சொல்லிவிட்டு, தானே அதை மறைத்தும் வைக்கிறது. அந்த மறைப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

(48 தொகுதிகளின் கடைசிப் பக்கம் வரை பேசப்போகிறேன். கதை தெரிந்துவிடுமே என்று கவலைப்படுபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

ஷூயிச்சி ஷிகேனோ இதை 1995இல் கோடன்ஷாவின் 'யங் மேகஸின்' வார இதழில் தொடங்கி 2013இல் முடித்தார். அதற்கு முன் எண்பதுகளில் அவர் வரைந்த 'பாரி பாரி டென்செட்சு' மோட்டார் சைக்கிள் பந்தயக் கதை, விருதெல்லாம் வாங்கியது. ஆக, இயந்திரத்தின் மேல் உண்மையான பிரியம் உள்ள ஆள். அவர் வரையும் முகங்கள், குறிப்பாக ஆரம்பத் தொகுதிகளில், சுமார்தான். கார்கள் அப்படியல்ல. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் இறங்கி, உள்பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்வதை ஒரே கோணத்தில் காட்டிவிடுவார். பெண் பாத்திரங்களை அவருக்கு எழுதத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நட்சுகி மோகியின் கதைத்தளம் இன்று படிக்கையில் நெளிய வைக்கிறது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அவர் நாயகனுக்குக் கொடுத்த கார் ஏஇ86. ஜப்பானியர்கள் 'ஹாச்சி-ரோக்கு' என்பார்கள், எட்டு-ஆறு. 1983இலிருந்து 1987 வரை வந்த ஸ்ப்ரின்டர் ட்ரூனோ, கொரொல்லா லெவின் என்ற இரட்டைப்பிள்ளைகளின் சங்கேத எண் அது. ட்ரூனோவுக்கு முகப்பு விளக்கு மேலே எழும்பி வரும், லெவினுக்கு அப்படியே பதிந்திருக்கும். 1587 சிசி, 16 வால்வ், 130 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அந்தத் தலைமுறையில் மற்ற கொரொல்லாக்கள் எல்லாம் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட, இந்த இரண்டு மட்டும் பழைய பின்சக்கர அமைப்பிலேயே தங்கிவிட்டன. பின்னால் வெறும் உருட்டு அச்சு. அதாவது புதிய மாடலின் தோலுக்குள் முந்தைய தலைமுறையின் எலும்பு. வெளிவந்தபோது இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. மலிவான காரில் பின்சக்கர இழுவை கிடைக்கிறதே என்று மலைப்பாதைப் பையன்கள் வாங்கினார்கள். கெய்ச்சி த்ஸுசியா போன்றவர்கள் அதில் சறுக்கிச் சறுக்கிப் பேர் வாங்கினார்கள்.

கதை தொடங்கும்போது நாயகன் தக்குமிக்கு இதெல்லாம் ஒன்றுமே தெரியாது. ஐந்து வருடமாக, உரிமம் வாங்கும் வயதுக்கு முன்பிருந்தே, ஓட்டும் வண்டிக்கு ஊரெல்லாம் '86' என்று பெயர் சொல்வதுகூட அவனுக்குத் தெரியாது. கார் என்பது அவனுக்கு வீட்டு வேலை. தூங்கவிடாமல் எழுப்புகிற வேலை. இந்த அறியாமையைத்தான் எல்லோரும் மேதைமை என்று படிக்கிறார்கள். அவர்கள் பக்கம் ஒரு வலுவான சாட்சியும் உண்டு. நண்பன் இட்சுகி சேமித்த காசில் 86 வாங்கப்போய், அதே உருவத்தில் இருக்கும் ஏஇ85-ஐ வாங்கிவிடுகிறான். அதில் சாதாரண 1.5 லிட்டர் இன்ஜின். ஊரே சிரிக்கிறது. தக்குமி அந்த 85-ஐ வாங்கி ஓட்டி, சிரித்தவர்களையே முந்திக் காட்டுகிறான். மாஸ் சீன். ஓட்டுபவன்தான் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எதற்கு?

ஆனால் ஷிகேனோ அங்கே நிற்கவில்லை. அடுத்த பெரிய திருப்பத்திலேயே இந்தக் கருத்தை அவர் உடைக்கிறார். அகாகி மலையில் லான்சர் எவல்யூஷன்காரனான கியோயிச்சியோடு ஓடும்போது 86-இன் இன்ஜின் வெடிக்கிறது. தக்குமி தோற்பது திறமைக் குறைவால் அல்ல, உலோகக் களைப்பால். அவனுக்கு அது ஒரு சாவு மாதிரி விழுகிறது. அப்பா புன்டாவுக்கோ அதிர்ச்சியே இல்லை. அந்த இன்ஜினின் காலம் முடியப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரியும். மாற்று இன்ஜினும் தயாராக இருக்கிறது.

புன்டாவை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? வாயில் சிகரெட், பாதி மூடிய கண், எதற்கும் அசராத கெத்து. ஒரு காலத்தில் அந்த மலையில் தோற்காத ஓட்டுநர். ரசிகர்கள் வரையும் படங்களில் எல்லாம் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருக்கிறார். ஆனால் கதையைச் செயல் செயலாகப் பிரித்துப் பாருங்கள். அவர் செய்வது பெரும்பாலும் பராமரிப்பு. ஒரு பந்தயத்துக்கு முன் மகனிடம் சொல்லாமல் சஸ்பென்ஷனை மாற்றி வைக்கிறார். ஓட்டும்போது வண்டியின் குணம் மாறியிருப்பதை மகன் உணர்கிறான், ஏன் என்று தெரியவில்லை. இன்ஜின் எப்போது போகும் என்று கணக்கு வைத்திருக்கிறார். புது இன்ஜினைத் தேடிப் பிடிக்கிறார். இந்தக் கதையில் ஏழைக் கார் பணக்காரக் கார்களை ஜெயிக்கவில்லை. அப்பனின் பல வருட உழைப்பு ஏறிய கார், நேற்று ஷோரூமிலிருந்து வந்த கார்களை ஜெயிக்கிறது. உழைப்பு பானட்டுக்கு அடியில் இருப்பதால் மற்றவர்கள் கண்ணுக்கு அது பழைய 86, அவ்வளவுதான்.

புது இன்ஜின் பகுதிதான் மொத்த மாங்காவிலும் எனக்கு மிகப் பிடித்தது. பந்தயக் காட்சிகளைவிட. அதே நான்கு சிலிண்டர் 4ஏ-ஜிஇ குடும்பம்தான். ஆனால் பிந்தைய தலைமுறையின் 20 வால்வ் வகையிலிருந்து வந்த, குரூப் ஏ பந்தயத்துக்கான இன்ஜின். 11,000 சுற்று வரை போகும். தக்குமி ஆசையோடு ஓட்டிப் பார்க்கிறான். வண்டி மந்தமாக இருக்கிறது. பழசே தேவலை என்று தோன்றுகிறது. உயரச் சுற்றில்தான் உயிர் பெறும் இன்ஜினை அவன் பழைய பழக்கத்தில், தாழ்ந்த சுற்றிலேயே ஓட்டுகிறான். டேஷ்போர்டில் இருப்பதோ பழைய டேக்கோமீட்டர். இந்த இன்ஜின் போகும் உயரத்தைக் காட்ட அதில் எண்களே கிடையாது. புன்டாவுக்கு இது தெரியும். வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். என்ன குறை என்று பையனே கண்டுபிடிக்கட்டும் என்று. கடைசியில் அதைச் சொல்வது இன்னொரு 86 வைத்திருக்கும் வதாரு அகியாமா: உன் வண்டியில் இருப்பது பந்தய இன்ஜின், அதற்கு ஏற்ற மீட்டர் வேண்டும்.

நான் மென்பொருளில் வேலை செய்பவன் என்பதால் இந்த இடம் எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பழைய அமைப்பின் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, அளவிடும் கருவியைப் பழையபடியே விட்டுவிட்டால் புதிய பாகம் மோசமானது என்றுதான் எல்லா எண்களும் சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. தன் எல்லைக்குள் உண்மையைத்தான் சொல்கிறது. ஷிகேனோ இதை ஒரு பதினெட்டு வயதுப் பையனின் எரிச்சலாக, முகச்சுளிப்பாக எழுதுகிறார். பழைய காரை மாற்றியமைப்பதன் சாரம் முழுக்க அதில் வந்துவிடுகிறது.

இப்போது குறைக்கு வருவோம். அந்த இன்ஜின் காருக்குள் எப்படிப் போனது? ஷிகேனோ அந்த வேலையின் பாட்டைக் காட்ட மாட்டார். சட்டென்று அடுத்த காட்சி, வண்டி தயார்.

நிஜத்தில் அந்த இடைவெளியில்தான் வாழ்க்கை இருக்கிறது. 20 வால்வ் இன்ஜின் முன்சக்கர இழுவைக் காருக்காகக் குறுக்குவாட்டில் உட்காரும்படி செய்தது. அதை 86-இல் நெடுக்குவாட்டில் வைத்தால் ஹெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜின் அறையின் பின்சுவரில் போய் இடிக்கும். ஒன்று சுவரைத் தட்டி உள்ளே தள்ள வேண்டும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரை இடம் மாற்ற வேண்டும், அல்லது அதைத் தூக்கி எறிந்துவிட்டு காயில்களை வைத்துப் புதிய கம்ப்யூட்டரைப் பொருத்த வேண்டும். தண்ணீர் வெளியேறும் குழாயும் அதே சுவர்ப் பக்கம் இருப்பதால் அதன் பாதையையும் மாற்றியாக வேண்டும். இதுவரை வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு கூடுகிறது. கூடியதும் கியர்பாக்ஸ் முனகும். நாற்பது வயது ரப்பர் புஷ்கள் கல்லாகியிருக்கும். அவற்றை பாலியூரித்தேனுக்கு மாற்றினால் ஸ்டீயரிங் கூர்மையாகும், கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டுக்கு வரும். ஸ்பிரிங்கை இறுக்கினால் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும், அதையும் இறுக்கினால் உடம்பு முறுகும், ஸ்பாட் வெல்டிங்கைக் கூட்ட வேண்டும். ஒன்றைப் பலப்படுத்தினால் பலவீனம் அடுத்ததற்கு இடம் பெயரும். அது காணாமல் போவதில்லை.

துரு வேறு. பின்சக்கர வளைவு, கதவுக்கு அடியில் ஓடும் பட்டை, இங்கெல்லாம் தகடு உள்ளிருந்து தின்னப்பட்டிருக்கும். வெளியே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் பளபளவென்றுதான் இருக்கும். விரலால் அழுத்தினால் தெரியும். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். இந்த வேலையைப் புகைப்படம் எடுத்துப் போட்டால் பத்து லைக் விழாது. பழைய கூபே ஒன்றைப் பொழுதுபோக்காகக் கட்டி எழுப்புபவரின் நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

ஜப்பானில் அரசும் இந்தப் பொழுதுபோக்குக்குத் தோதாக இல்லை. 'ஷாக்கென்' எனும் கட்டாயச் சோதனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் ஆண்டு வரி ஏறக்குறைய 15 சதவீதம் கூடுகிறது. பழசை வைத்திருந்தால் தண்டனை, புதுசு வாங்கு என்பதுதான் செய்தி. புன்டாவின் பந்தய இன்ஜின் எந்தக் காகிதத்தில் ஏறியது என்று கதை கவலைப்படவே இல்லை. கோப்பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்துமா என்று அவ்வளவு பதறிய கதை.

இந்த மறைப்பு ஏன் முக்கியம்? இன்னொரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தால் தெளிவாகும். ராபர்ட் பெர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' (1974). நம்மவர்கள் மத்தியில் அதிகம் பேசப்பட்டு, பாதியில் மூடப்படும் புத்தகம். அங்கும் ஓர் அப்பா, ஒரு மகன், ஒரு ஜப்பானிய வண்டி. நண்பன் ஜானின் பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டின்னின் அலுமினியத் தகட்டை வெட்டி இடையில் சொருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு அது அவமானமாக இருக்கிறது. விலையுயர்ந்த ஜெர்மன் வண்டிக்கு பீர் டின்னா? பெர்சிக் இதிலிருந்து நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் தத்துவம் கிளப்புகிறார். சில இடங்களில் கையை உயர்த்தி 'போதும் சார்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒன்றில் அவர் நேர்மையானவர். மாட்டிக்கொண்ட ஒரே ஒரு ஸ்க்ரூ ஒரு மனிதனை எப்படிக் குலைக்கும் என்பதைக் காட்டத் தயங்குவதில்லை. ஷிகேனோவின் உலகில் ஸ்க்ரூ மாட்டிக்கொள்வதே இல்லை.

அப்பா-மகன் விஷயத்தில் இரண்டும் விநோதமான கண்ணாடிப் பிம்பங்கள். பெர்சிக்கின் மகன் கிறிஸ் அத்தனை ஆயிரம் மைலும் பின்னால் உட்கார்ந்து அப்பாவின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வருகிறான். கடைசியில்தான் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கிறான். தக்குமி பதிமூன்று வயதிலேயே சாலையைப் பார்த்துவிடுகிறான். அவன் பார்க்காதது பானட்டுக்கு அடியில் இருப்பதை. ஒருவன் ஓட்டத் தெரியாமல் கூட்டிச் செல்லப்படுகிறான், இன்னொருவன் ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் ஓட்டுகிறான். இரண்டு அப்பாக்களும் விளக்கிச் சொல்வதில்லை.

புன்டாவின் மௌனத்தை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. வித்தையைப் பார்த்துத் திருடிக்கொள், ஆசான் சொல்லித்தர மாட்டார் என்பது ஜப்பானியக் கைத்தொழில்களில் ஊறிய வழக்கம். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் 'பன்னிரண்டு-பதிமூணு ஸ்பேனர் எடுடா' என்ற கட்டளையைத் தவிர வேறெதுவும் கேட்காமல் மூன்று வருடம் நிற்கும் பையனுக்கும் இது தெரியும். இப்படிக் கற்றது கையில் ஆழமாகப் பதியும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்பதை அந்த முறை கணக்கு வைப்பதில்லை. வதாரு என்ற வெளியாள் வந்து வாய்திறந்து சொல்லியிருக்காவிட்டால் தக்குமி அந்த மீட்டரை எப்போது கண்டுபிடித்திருப்பான்?

அதனால்தான் எனக்கு மாட்சுமோட்டோவைப் பிடிக்கும். யார் அது என்கிறீர்களா? அதுதான் பிரச்சினை. கதையின் பின்பாதியில் ரியோசுகே தகாஹாஷி, ஆஸ்பத்திரி வீட்டுப் பிள்ளை, மருத்துவ மாணவன், 'ப்ராஜெக்ட் டி' என்ற குழுவைக் கட்டுகிறான். அதில் 86-ஐப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் மாட்சுமோட்டோ. அவன் தக்குமியிடம் கேட்கிறான், எப்படி இருந்தது என்று. சொல்வதைக் கேட்டு வண்டியை மாற்றுகிறான். ஏன் மாற்றினேன் என்றும் சொல்கிறான். தக்குமி முதல்முறையாகத் தன் வண்டியைப் பற்றி வாக்கியங்களில் பேசக் கற்றுக்கொள்வது அங்கேதான். மேதை ஒருவன் சக ஊழியனாக மாறும் கட்டம். ஷிகேனோ இதற்குக் கொடுக்கும் இடம் பந்தயங்களுக்கு இடையில் சில பக்கங்கள். மலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் 'ஆ, அந்தக் கோட்டில் எப்படி நுழைந்தான்!' என்று வியப்பதற்கு அதைவிடப் பல மடங்கு பக்கங்கள்.

கடைசிப் பந்தயத்தில் எதிராளி ஷின்ஜி வருவதும் ஒரு 86-இல்தான். சமமான வண்டி, சமமான பையன். முடிவுக்கு அருகில் தக்குமியின் இன்ஜின் வெடிக்கிறது. கார் பின்னோக்கிச் சறுக்கியபடியே எல்லைக்கோட்டைக் கடந்து ஜெயிக்கிறது. விமர்சகர்கள் சிலர் இதை அதிர்ஷ்டத்தில் முடித்துவிட்டார் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அகாகியில் முதல் இன்ஜின் போனபோது தக்குமிக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. இங்கே இன்ஜின் போன கணத்திலேயே கை கால் வேலை செய்கிறது. இயந்திரம் செத்த பிறகும் மீதமிருக்கும் வேகத்தை எங்கே செலவிடுவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பல தொகுதிகள் எடுத்துக்கொண்ட அந்த மாற்றத்தை ஒரு வெடிப்புக்கும் இன்னொரு வெடிப்புக்கும் இடையில் வைத்த கட்டமைப்பு அழகானது. இதற்கிடையே புன்டா தனக்கென்று நான்கு சக்கர இழுவை இம்ப்ரேஸா ஒன்றை வாங்கிவிடுகிறார் என்பதும் நல்ல நகைச்சுவை. பழைய காரைக் காதலித்தவர் மகனோ வாசகரோதான். தோஃபுக் கடைக்காரருக்கு அந்த மயக்கம் இல்லை.

மயக்கம் நமக்குத்தான். அதன் விலை நிஜ உலகில் தெரிந்தது. மாணவர்கள் கையில் இருந்த மலிவான காரைப் புகழ்ந்து எழுதப்பட்ட கதை, அந்தக் காரை மாணவர்கள் தொட முடியாத விலைக்கு ஏற்றிவிட்டது. 86 என்றால் தனி விலை என்றாகிவிட்டது. எஞ்சியிருந்த வண்டிகள் பல வெள்ளை-கறுப்பு அடிக்கப்பட்டு, கதவில் 'ஃபுஜிவாரா தோஃபுக் கடை' என்ற எழுத்தோடு தக்குமியின் காருக்கு நகல்களாயின. அந்தக் கதவில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு சொல்லும் உண்டு, 'சொந்த உபயோகத்துக்கு' என்று. வாடகை வண்டி அல்ல என்பதற்கான சாதாரணக் குறிப்பு. ஆயிரம் பேர் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும்போது அந்தச் சொல் கொஞ்சம் பரிதாபமாக இருக்கிறது. தன் வண்டியைத் தன் கைக்கும் தன் சாலைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வதைப் பற்றிய கதையின் வாசகர்கள், இல்லாத ஒருவனின் வண்டியைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயிலை இழுப்பார்கள். நான் இழுக்கப்போவதில்லை. இசே கோயிலுக்குத் தச்சர்களும் மரங்களும் முன்கூட்டியே ஏற்பாடாகிவிடும். பழைய கார் வைத்திருப்பவர் ஒரு பாகத்துக்காக இரவெல்லாம் ஏலத்தளங்களில் விழித்திருக்கிறார். ஒப்புமை அங்கேயே உடைந்துவிடுகிறது.

அந்த நிலைமையைக் கார் கம்பெனிகள் மெல்ல உணர்ந்தன. நிஸானும் மாஸ்டாவும் 2017 வாக்கிலேயே ஆர்32 ஜிடி-ஆருக்கும் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கும் பாகங்களை மறுபடி கொடுக்கத் தொடங்கின. டொயோட்டா 86-க்காக 2021இல் அறிவித்தவை ஸ்டீயரிங் நக்கிள் ஆர்ம், பின் பிரேக் கேலிப்பர், பின் அச்சுத் தண்டு. பட்டியலைக் கேட்டால் யாருக்கும் புல்லரிக்காது. 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் அதே டொயோட்டா இரண்டு 86-களைக் கொண்டுவந்து நிறுத்தியது. ட்ரூனோவில் ஹைட்ரஜன் எரியும் இன்ஜின், டிக்கியில் மிராய் காரின் தொட்டிகள். லெவினில் மின்மோட்டார், ஆனால் கிளட்ச்சும் கியரும் அப்படியே. உலகமெங்கும் செய்தி. பெட்ரோல் யுகம் முடிந்தாலும் உங்கள் காதல் முடியாது என்று சொல்லும் காட்சிப் பொருள்கள். நன்றாகத்தான் இருந்தன. ஷிகேனோவின் பந்தயப் பக்கங்கள் மாதிரி, நடுவில் நடந்த வேலையைக் காட்டாமல் தயாரான வண்டியை மட்டும் காட்டும் ரகம்.

நக்கிள் ஆர்ம் அட்டைப்பெட்டியில் பார்ட் நம்பர் ஒட்டி வரும். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு வைத்திருக்க வேண்டும். பழையதை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்து, துளைகள் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். முடித்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் சாலையில் இறக்கக் கூடாது.